எட்டனிலிருந்து உடுவில் வரை: ஜோன் லோத்ரொப் போதகரின் வம்சக் கதை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்று வரும் எம்மவர்கள் டலஸ் சர்வதேச விமான நிலையத்தை நன்கு அறிவார்கள். 1962 இல் திறந்து வைக்கப்பட்ட அந்த விமான நிலையத்துக்கு ஜோன் ஃபொஸ்டர் டலஸின் பெயர் சூட்டப்பட்டது. அவர் 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் இராஜாங்கச் செயலாளராகப் பதவி வகித்தவர். அதே காலத்தில் அவருடைய தம்பி அலன் டலஸ் அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் பணிப்பாளராக இருந்தார். பனிப்போர்க் காலத்தில் உலக அரசியலைப் பெருமளவுக்குத் தீர்மானித்த இந்தச் சகோதரர்களின் தந்தைவழிப் பாட்டி, எமது ஊர் வழக்கிற் சொன்னால் அப்பாச்சி, யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதைப் பலரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டியின் பெயர் ஹரியட் லாத்ரொப் வின்ஸ்லோ. அவருடைய தாயாரின் பெயரும் ஹரியட்தான். உடுவிலில் 1824 ஆம் ஆண்டு பெண்கள் விடுதிப் பாடசாலையை ஆரம்பித்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையாரே அவர். தந்தை, தமிழ்–ஆங்கில அகராதியால் தமிழுலகம் முழுவதும் அறியப்பட்ட மைரன் வின்ஸ்லோ பாதிரியார். அம்மையாரின் பிறந்த வீட்டுப் பெயரான லாத்ரொப் என்பதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், 1634 இல் இங்கிலாந்துச் சிறையிலிருந்து வெளியே வந்து கப்பலேறிய ஒரு போதகரிடம் போய்ச் சேருவோம். நாடு விட்டு நாடு சென்ற ஒரு குடும்பம் எவ்வாறு கிளை பரப்புகிறது, எவற்றைக் காப்பாற்றுகிறது, எவற்றை மறந்து விடுகிறது என்பதை அறிவதற்கு அவருடைய வம்சக் கதையைப் போன்ற நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

யோர்க்ஷயரிலிருந்து இலண்டனுக்கு

ஜோன் லோத்ரொப், இங்கிலாந்தின் வடகிழக்கே யோர்க்ஷயர் பிரதேசத்தில் உள்ள எட்டன் என்னும் சிறு கிராமத்தில் பிறந்தவர். 1584 டிசெம்பர் 20 ஆம் திகதி அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதாக அவ்வூர் ஆலயப் பதிவேடு சொல்கிறது. அதே பிரதேசத்தில் உள்ள லோதோர்ப் என்னும் ஊரின் பெயரே குடும்பப் பெயராக வந்தது. எழுத்துக்கூட்டல் ஒரு நிலைக்கு வராத காலம் அது. ஆகையால் லோத்ரொப், லாத்ரொப், லோதோர்ப் என்று ஒரே குடும்பம் பலவாறு எழுதப்பட்டது. பிற்காலத்தில் வம்சாவளி ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய தலையிடியாக அமைந்தது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் குயின்ஸ் கல்லூரியில் பயின்ற ஜோன், 1609 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1610 இல் ஹானா ஹவுஸ் என்பவரை மணந்தார். கென்ட் பிரதேசத்தில் எகேர்ட்டன் என்ற கிராமத்தின் ஆலயத்தில் குருவாகப் பணியாற்றினார். ஊதியமும் மதிப்பும் உள்ள உத்தியோகம். வாழ்நாள் முழுவதும் அங்கேயே கழித்திருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத எவருக்கும் தேவை வந்திருக்காது.

ஆனால் அது இங்கிலாந்துத் திருச்சபை உள்ளுக்குள் கொதித்துக் கொண்டிருந்த காலம். அரசனே திருச்சபையின் தலைவன். ஆயர்கள் அவனுடைய அதிகாரிகள். வழிபாட்டு முறை நாடு முழுவதற்கும் ஒன்று. அதிலிருந்து விலகுவது சமயக் குற்றமாக மட்டுமன்றி அரச விரோதமாகவும் கருதப்பட்டது. ஒரு சபையின் அங்கத்தவர்கள் தாமாகவே ஒன்றுகூடி உடன்படிக்கை செய்துகொள்ளலாம், தமது போதகரைத் தாமே தெரிந்தெடுக்கலாம், அதற்கு ஆயரின் அனுமதி வேண்டியதில்லை என்ற கருத்து லோத்ரொப்பின் மனதில் வேரூன்றியது. 1623 இல் அவர் எகேர்ட்டன் பதவியைத் துறந்தார். இலண்டனில் ஹென்றி ஜேக்கப் என்பவர் 1616 இல் தொடங்கிய சுயாதீன சபையொன்று இரகசியமாக இயங்கி வந்தது. ஜேக்கப் விலகிச் சென்றபின், 1624 அளவில் அதன் போதகர் பொறுப்பை லோத்ரொப் ஏற்றுக்கொண்டார்.

எட்டு ஆண்டுகளாக இன்று ஒரு வீடு, நாளை வேறொரு வீடு என இடம் மாற்றி மாற்றி அவர்கள் கூடினார்கள். இலண்டன் ஆயராக இருந்த வில்லியம் லோட் இத்தகைய கூட்டங்களை ஒழிப்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தார். 1632 ஏப்ரல் 29 ஆம் திகதி, பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் மதுவடிசாலை எழுதுவினைஞர் ஒருவரின் வீட்டில் சபை கூடியிருந்த வேளையில், ஆயரின் ஆட்கள் புகுந்தார்கள். 42 பேர் பிடிபட்டனர். 18 பேர் தப்பிவிட்டனர்.

பிடிபட்டவர்கள் உயர் ஆணைக்குழு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். இந்த நீதிமன்றத்தின் நடைமுறை விசித்திரமானது. குற்றச்சாட்டு என்னவென்று முழுமையாகச் சொல்லப்படுவதற்கு முன்னரே, கேட்கும் கேள்விகள் அனைத்துக்கும் உண்மையாகப் பதிலளிப்பேன் என்று கைதி சத்தியம் செய்ய வேண்டும். அப்படிச் சத்தியம் செய்தால் தன்னையும் தன் தோழர்களையும் தானே காட்டிக்கொடுக்க நேரிடும். செய்யாவிட்டால் அதுவே குற்றம். லோத்ரொப்பும் அவருடைய சபையினரும் சத்தியம் செய்ய மறுத்தார்கள். எளிய தொழிலாளர்களும் பெண்களும் உட்பட அனைவரும் சிறைக்குச் சென்றார்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று பின்னாளில் அமெரிக்க அரசியலமைப்பில் எழுதப்பட்ட பாதுகாப்பின் பின்னணியில், இத்தகைய மறுப்புகளின் நீண்ட வரலாறு உண்டு.

சிறையும் மனைவியின் மரணமும்

இரண்டு ஆண்டுகளுக்குள் ஏனையோர் பெரும்பாலும் பிணையில் விடுவிக்கப்பட்டனர். போதகரை மட்டும் விட மறுத்தார் லோட். 1633 இல் கன்ரபரிப் பேராயராக உயர்த்தப்பட்ட அவருடைய செல்வாக்கு மேலும் பெருகியிருந்தது.

இக்காலத்தில் ஹானா நோய்வாய்ப்பட்டார். பிளிமத் குடியேற்றத்தின் செயலாளராக இருந்த நத்தானியேல் மோர்ட்டன், 1669 இல் வெளியிட்ட தமது வரலாற்று நூலில் பின்னர் நடந்ததைச் சொல்கிறார். மரணப் படுக்கையில் இருந்த மனைவியைப் பார்ப்பதற்குச் சிறிது நேரம் அனுமதி கிடைத்தது. லோத்ரொப் வந்து, பிரார்த்தனை செய்து, விடைபெற்று, மீண்டும் சிறைக்குத் திரும்பினார். சில காலத்தில் ஹானா இறந்து போனார். தாயை இழந்து, தந்தை சிறையில் இருக்க, நிராதரவாக நின்ற பிள்ளைகள் லம்பெத் மாளிகைக்குச் சென்று ஆயரிடம் தமது நிலைமையைச் சொல்லி முறையிட்டார்கள். அதன் பின்னரே, நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் தந்தைக்கு விடுதலை கிடைத்தது.

மோர்ட்டன் இதனை எழுதியது சம்பவம் நடந்து 35 ஆண்டுகளுக்குப் பின்னர். இவ்வளவு காலம் சபையாரின் வாய்வழியே வந்த கதையில் ஓரளவு மெருகு ஏறியிருக்கலாம். ஆயினும் அடிப்படை விடயங்கள் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. சிறைவாசம், மனைவியின் மறைவு, 1634 வசந்த காலத்தில் பிணை, அதே ஆண்டில் நாடு கடந்தமை ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

'கிரிஃபின்' என்னும் கப்பல் 1634 செப்டெம்பர் 18 ஆம் திகதி பொஸ்டன் வந்து சேர்ந்தது. லோத்ரொப்புடன் பிள்ளைகளும், சபையைச் சேர்ந்த சுமார் 30 பேரும் வந்தனர். அதே கப்பலில் ஆன் ஹச்சின்சன் என்ற பெண்மணியும் தம் குடும்பத்தோடு வந்திறங்கினார். மத சுதந்திரம் தேடி வந்தவர்கள் அமைத்த மசாசுசெட்ஸ் குடியேற்றம், மூன்றே ஆண்டுகளில் அந்தப் பெண்மணியை மாற்றுக் கருத்துச் சொன்னதற்காக விசாரணை செய்து, 1638 இல் நாடு கடத்தியது. ஒரே கப்பலில் வந்த இருவருள் ஒருவர் போற்றப்படும் போதகரானார், மற்றவர் துரத்தப்பட்டார். ஒடுக்கப்பட்டவன் அதிகாரத்துக்கு வந்ததும் ஒடுக்குபவனாக மாறுவது எந்த நாட்டுக்கும் புதியதல்ல.

லோத்ரொப்பின் குணத்தைக் காட்டும் ஒரு சிறு செய்தியை ஆளுநர் ஜோன் வின்ரொப் தமது நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். பொஸ்டன் வந்த புதிதில் அங்குள்ள ஆலயத்தில் திருவிருந்து நடைபெற்றபோது, அதனைப் பார்த்திருக்க மட்டுமே லோத்ரொப் அனுமதி கேட்டாராம். தமது பழைய சபையிலிருந்து விடுவிக்கப்பட்டு, இன்னொரு சபையில் இன்னும் சேர்ந்திராத நிலையில், அதில் பங்குபற்றத் தமக்கு உரிமையில்லை என்று சொன்னாராம். சத்தியம் செய்ய மறுத்துச் சிறை சென்ற மனிதர், தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார்.

கப்பற் பயணத்தோடு சேர்ந்த இன்னொரு கதையும் உண்டு. 1605 இல் அச்சிடப்பட்ட வேதாகமப் பிரதி ஒன்றை லோத்ரொப் தம்முடன் எடுத்து வந்தார். கப்பலில் இரவு வாசித்துக் கொண்டிருக்கும்போது மெழுகுதிரியின் கொதிக்கும் கொழுப்பு சிந்தி, பல தாள்கள் துளைபட்டுக் கருகிப் போயின. துளைகளைக் கடதாசித் துண்டுகளால் ஒட்டி, அழிந்துபோன சொற்களை ஞாபகத்திலிருந்து அவரே கையால் எழுதி நிரப்பினார் என்பது குடும்ப மரபு. அந்த வேதாகமம் இன்றும் பார்ன்ஸ்டபிள் நகரில் இருக்கிறது.

பார்ன்ஸ்டபிள்: ஒரு பதிவேடும் ஒரு வீடும்

பிளிமத் குடியேற்றத்துக்கு உட்பட்ட சிச்சுவேற் என்ற கரையோர ஊரில் அவர்கள் முதலில் குடியேறினார்கள். லோத்ரொப் அங்கே ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். யார் எப்போது சபையில் சேர்ந்தார்கள், எந்தக் குழந்தைக்கு எப்போது ஞானஸ்நானம், யார் யாருக்குத் திருமணம், யார் இறந்தார் என்பவற்றோடு, ஊரில் எந்த வீடு எந்த வரிசையில் கட்டப்பட்டது என்பதையும் எழுதி வைத்தார். தாம் வந்தபோது அங்கே ஒன்பது வீடுகள் இருந்தன என்றும், அவை மரக் கம்பங்களை நெருக்கமாக நட்டுக் கட்டப்பட்ட சிறிய, எளிய வீடுகள் என்றும் குறிப்பிட்டார். 1635 ஏப்ரல் 8 ஆம் திகதி தம் மகள் ஜேனுக்கும், 'மேஃபிளவர்' கப்பலில் சிறுவனாக வந்திருந்த சாமுவேல் ஃபுல்லருக்கும் திருமணம் நடந்ததை எழுதியவர், அதனை நடத்தி வைத்தவர் கப்டன் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் என்பதையும் சேர்த்தே எழுதினார். திருமணம் ஒரு சிவில் ஒப்பந்தம், அதனை நடத்தக் குரு தேவையில்லை என்பது அக்காலப் பிளிமத் வழக்கம்.

ஆனால் சிச்சுவேற்றிலும் நிம்மதி இருக்கவில்லை. நிலம் போதவில்லை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, தண்ணீரைத் தெளிப்பதா, முழுதாக மூழ்கச் செய்வதா என்ற சர்ச்சையும் எழுந்தது. இலண்டனில் அவர் விட்டு வந்த சபையும் இதே பிரச்சினையில் பிளவுபட்டது. இங்கிலாந்தின் பப்டிஸ்ற் சபைகளின் ஒரு கிளை அந்தப் பிளவிலிருந்து உருவானது. 1639 ஒக்டோபரில் சபையின் பெரும் பகுதியினரோடு லோத்ரொப் கேப் கொட் குடாநாட்டில் உள்ள பார்ன்ஸ்டபிளுக்குப் பெயர்ந்தார்.

குளிர்காலத்தின் வாசலில், வீடுகள் கட்டி முடியாத நிலையில், டிசெம்பர் 11 ஆம் திகதி அவர்கள் ஒரு நன்றி நவிலும் நாளை அனுட்டித்தார்கள். கடுங்குளிரில் ஒரு வீட்டில் வழிபாட்டை முடித்துக்கொண்டு, மூன்று குழுக்களாகப் பிரிந்து மூன்று வீடுகளில் விருந்துண்டதாகப் பதிவேடு சொல்கிறது. ஒரே வீட்டில் அனைவருக்கும் இடம் இல்லாததே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பார்ன்ஸ்டபிளில் அவர் 14 ஆண்டுகள் வாழ்ந்தார். புதிய நாட்டில் ஆன் என்ற பெண்ணை மறுமணம் செய்திருந்தார். அவர் மூலமும் பிள்ளைகள் பிறந்தார்கள். 1653 நவம்பர் 8 ஆம் திகதி காலமானார். அவருடைய மரண சாசனத்தில் மனதைத் தொடும் ஒரு பகுதி உண்டு. பிள்ளைகள் ஒவ்வொருவரும் வயது வரிசைப்படி தமக்கு விருப்பமான ஒரு புத்தகத்தைத் தெரிவு செய்யலாம். எஞ்சியவற்றை, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த நேர்மையான மனிதர் எவருக்கேனும் விற்று, பணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அவர் எழுதியிருந்தார். காடு வெட்டிக் குடியேறிய ஊரில் இருந்துகொண்டு, தமது நூல்கள் எவர் கைக்குப் போகவேண்டும் என்று கவலைப்பட்டவர் அவர்.

அவருக்காக 1644 இல் கட்டப்பட்ட வீடு இன்றும் அழியவில்லை. அதே வீட்டில் 1782 இல் பிறந்த வில்லியம் ஸ்ரேஜிஸ் என்ற கப்பல் தலைவர், அதனை நூலகமாக்கும்படி எழுதி வைத்தார். 1867 முதல் அது ஸ்ரேஜிஸ் நூலகமாக இயங்கி வருகிறது. அமெரிக்காவில் பொது நூலகம் ஒன்று இயங்கும் கட்டடங்களுள் மிகப் பழையது அது என்று சொல்லப்படுகிறது. துளைபட்ட வேதாகமம் அங்கேயே பாதுகாக்கப்படுகிறது.

அந்த நிலம் யாருடையது?

குடியேறியவர்களின் குடும்ப வரலாறுகள் பெரும்பாலும் அவர்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு முன்னர் அங்கே எவரும் இருந்திராதது போன்ற தோற்றம் ஏற்படுகிறது.

பார்ன்ஸ்டபிள் வம்பனோக் இனத்தவரின் பூமி. அங்கே இயனோ என்னும் இளந்தலைவர் இருந்தார். 1621 இல், வழிதவறிய ஆங்கிலச் சிறுவன் ஒருவனைத் தேடி வந்த பிளிமத்வாசிகளை அவர் வரவேற்று உபசரித்தார். 1616 க்கும் 1619 க்கும் இடையில் ஐரோப்பியர் கொண்டு வந்த நோய்களால் அக்கரையோரத்து மக்களுட் பெரும் பகுதியினர் மடிந்து போயிருந்தனர். 1623 இல் கப்டன் ஸ்டாண்டிஷ், சதி செய்தார்கள் என்ற சந்தேகத்தில் வெசகசெற் என்ற இடத்தில் சுதேசிகள் சிலரைக் கொன்றார். அச்சம் பரவியது. மக்கள் சதுப்பு நிலங்களுக்குள் ஓடி ஒளிந்தார்கள். அங்கேயே நோயுற்று இறந்தவர்களுள் இயனோவும் ஒருவர். கென்னடி குடும்பத்தின் வாசஸ்தலத்தால் உலகப் புகழ்பெற்ற ஹயானிஸ், பார்ன்ஸ்டபிள் நகரத்தின் ஒரு பகுதி. அதன் பெயர் இயனோவின் பெயரிலிருந்து வந்தது. லோத்ரொப்பின் மகளுக்குத் திருமணம் செய்து வைத்த ஸ்டாண்டிஷும், இயனோவின் மக்களைச் சதுப்பு நிலத்துக்குத் துரத்திய ஸ்டாண்டிஷும் ஒரே மனிதர்தான். இரண்டு சம்பவங்களுக்கும் இடையில் 12 ஆண்டுகள்.

லோத்ரொப்பின் மகன் சாமுவேல் வீடு கட்டும் தச்சுத் தொழிலாளி. 1644 இல் எலிசபெத் ஸ்கடர் என்ற பெண்ணை மணந்தார். 1648 இல் தற்போது நியூ லண்டன் எனப்படும் இடத்துக்கும், பின்னர் 1668 அளவில் கொனெக்டிகட்டில் நோர்விச் நகருக்கும் குடிபெயர்ந்தார். முதல் மனைவி மறைந்தபின் அவர் மணந்த அபிகெயில் டோன், கணவர் 1700 இல் இறந்த பின்னரும் பல்லாண்டு வாழ்ந்தார். 1732 இல் அவருடைய நூறாவது பிறந்த நாளில் அவரது வீட்டிலேயே பிரசங்கம் நடந்ததாம்.

நோர்விச் நகரம் அமைந்த நிலம் மொஹீகன் இனத்தவருடையது. அவர்களுடைய தலைவர் அன்கஸ் ஆங்கிலேயரின் நண்பர். அயல் இனமான நரகன்செற்றினர் அவரை முற்றுகையிட்டிருந்தபோது, தோமஸ் லெஃபிங்வெல் என்ற ஆங்கிலேயர் இரவோடிரவாக வள்ளத்தில் உணவு கொண்டு போய்க் கொடுத்தார். 1659 இல் அன்கஸும் அவருடைய இரு புதல்வர்களும் ஒன்பது மைல் நீளமும் ஒன்பது மைல் அகலமும் கொண்ட நிலத்தை 70 பவுணுக்கு எழுதிக் கொடுத்தார்கள். 81 சதுர மைல்! நட்பின் விலை மலிவாகத்தான் இருந்தது. எஞ்சிய நிலங்களும் கைமாறத் தொடங்கியபோது மொஹீகன்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1705 முதல் 1773 வரை இழுபட்ட அந்த வழக்கு இலண்டன் வரை சென்று, இறுதியில் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அவர்களை ஓர் இனமாக அமெரிக்க மத்திய அரசு அங்கீகரிக்க 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிளைகள்

நோர்விச்சில் லாத்ரொப் குடும்பம் செழித்தது. வணிகர்களும் மருந்து விற்பனையாளர்களும் அதிலிருந்து தோன்றினார்கள். டானியேல், ஜோஷுவா என்ற லாத்ரொப் சகோதரர்களின் மருந்துக் கடை பெயர்பெற்றது. அங்கே தொழில் பழகிய உறவுக்காரப் பையன் ஒருவன் பின்னாளில் அமெரிக்கச் சுதந்திரப் போரில் தளபதியானான். 1780 இல் வெஸ்ற் பொயின்ற் கோட்டையைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்கச் சதி செய்து, இன்றுவரை அமெரிக்கர்கள் துரோகி என்பதற்கு மறுசொல்லாக வழங்கும் பெனடிக்ற் ஆர்னோல்ட் அவனே. அவனுடைய தாய்வழிப் பாட்டியார் ஒரு லாத்ரொப்.

ஜோன் லோத்ரொப்பின் வழித்தோன்றல்களின் பட்டியல் நீளமானது. உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைகளை வழிநடத்திப் பின்னர் ஜனாதிபதியான யுலிசிஸ் கிரான்ட், ஜோர்ஜ் புஷ் தந்தையும் மகனும், மோர்மன் சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் ஆகியோர் அதில் அடக்கம். ஹன்ரிங்டன் என்ற போதகர் இவ்வம்சத்துக்கென்றே எழுதிய ஒரு பெருநூல் 1884 இல் வெளிவந்தது. இதில் வியப்பதற்கு அதிகமில்லை. பல பிள்ளைகளைப் பெற்று, அப்பிள்ளைகளும் பல பிள்ளைகளைப் பெற்றால், பத்துப் பன்னிரண்டு தலைமுறைகளில் வம்சம் ஒரு தேசத்துக்குள் கலந்து விடுகிறது. அதில் ஜனாதிபதியும் இருப்பார், துரோகியும் இருப்பார், பெயர் தெரியாத ஆயிரமாயிரம் விவசாயிகளும் இருப்பார்கள். பட்டியல் போடுகிறவர்கள் விவசாயிகளை விட்டு விடுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

நோர்விச்சிலிருந்து உடுவிலுக்கு

ஹரியட் வாட்ஸ்வேர்த் லாத்ரொப் 1796 ஏப்ரல் மாதம் நோர்விச்சில் பிறந்தார். தந்தை சார்ள்ஸ் லாத்ரொப், சாமுவேலின் வழிவந்தவர். தாயார் ஜோவானா, அன்கஸுக்கு உணவு கொண்டுபோன லெஃபிங்வெல்லின் குடும்பத்தவர். 1819 ஜனவரியில் மைரன் வின்ஸ்லோவை மணந்த ஹரியட், அதே ஆண்டு ஜூன் மாதம் பொஸ்டனில் 'இண்டஸ்' என்ற கப்பலில் ஏறினார். ஸ்போல்டிங், வூட்வேர்ட், மருத்துவர் ஸ்கடர் ஆகியோரின் குடும்பங்களும் உடன் வந்தன. கல்கத்தா வழியாக 1820 தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள்.

மூதாதை சிறைக்கு அஞ்சாமல் இங்கிலாந்தை விட்டுச் சென்று 185 ஆண்டுகளின் பின்னர், அவருடைய வழித்தோன்றல் எவருடைய கட்டாயமும் இன்றி, பிறந்த ஊரை விட்டு இன்னொரு கடல் கடந்தார். சுதேசிகளின் நிலத்தைப் பெற்று வளர்ந்த நோர்விச் நகரத்துப் பக்தியுள்ள பெண்களிடையே, கடல் கடந்த தொண்டு என்பது அக்காலத்தில் ஒரு பேரலையாக எழுந்திருந்தது. மொஹீகன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பின்னர் பெய்ரூத் சென்று பெண்கள் பாடசாலை நடத்திய சேரா ஹன்ரிங்டனும் இதே ஊரைச் சேர்ந்தவர்தான்.

யாழ்ப்பாணத்தில் அன்று பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல் வழக்கத்தில் இருக்கவில்லை. 1824 இல் உடுவிலில் தொடங்கிய விடுதிப் பாடசாலை, ஆசியாவிலேயே மிக ஆரம்பத்தில் தோன்றிய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்று. பிள்ளைகளை அனுப்புவதற்குப் பெற்றோர் தயங்கினர். மதமாற்றம் இலக்காக இருந்ததால் சைவப் பெருமக்களுக்கு அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆயினும் அங்கே எழுத்துக் கற்ற பெண்கள் தாய்மாராகித் தமது பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். இலைசா அக்னியூ அம்மையார் 1840 முதல் நாற்பது ஆண்டுகளுக்குக் கிட்டத் தலைமை தாங்கி வளர்த்த அந்தப் பாடசாலை, இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி.

ஹரியட் தமது குடும்பத்துக்காகச் செலுத்திய விலை பெரியது. படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மூத்த மகன் சார்ள்ஸ் 1832 இல் 11 வயதில் அங்கே மரணமடைந்தான். 1833 ஜனவரி 14 ஆம் திகதி உடுவிலில் ஹரியட்டும் காலமானார். அவருக்கு வயது 36. புதிய அமெரிக்க மிஷனரிமாரை அனுமதிப்பதில்லை என்று 1820 இல் ஆங்கில அரசு விதித்திருந்த தடை நீங்கியதும், அதே 1833 இன் பிற்பகுதியில் வந்த குழுவில் அவருடைய தங்கையும் இருந்தார். ஹச்சிங்ஸ் பாதிரியாரின் மனைவி அவர். அக்காவை உயிரோடு காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. பின்னர் மேலும் இரு தங்கைமார், பெரி, செரி என்ற மிஷனரிமாரின் மனைவியராக வந்தார்கள். 1837 இல் பெரி தம்பதியர் இருவரையும் வாந்திபேதி சில நாள் இடைவெளியில் கொண்டு போனது. அதே ஆண்டில் திருமதி செரியும் இறந்தார். ஆக, நோர்விச்சின் ஒரே வீட்டிலிருந்து நான்கு சகோதரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்து, அவர்களுள் மூவர் எமது மண்ணிலேயே கண்மூடினர்.

மைரன் வின்ஸ்லோ 1835 இல் மனைவியின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பின்னர் சென்னைக்கு மாறினார். நல்லூரில் பணியாற்றிய ஜோசப் நைட் பாதிரியார் தொகுக்கத் தொடங்கி, யாழ்ப்பாணத்து அறிஞர்கள் உழைத்து வளர்த்த சொற்றொகுதியை விரிவுபடுத்தி, 67,000 க்கும் மேற்பட்ட சொற்களுடன் 1862 இல் அகராதியாக்கினார். தாயகம் திரும்பும் வழியில் 1864 இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் இறந்தார். மகள் ஹரியட், ஜோன் வெல்ஷ் டலஸ் என்ற மிஷனரியை மணந்து சென்னையில் சில காலம் வாழ்ந்து அமெரிக்கா திரும்பினார். அவருடைய பேரப்பிள்ளைகளே நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட டலஸ் சகோதரர்கள். பாட்டியின் ஊர் பற்றிய நினைவு அவர்களுடைய கொள்கைகளில் எந்தப் பரிவையும் ஏற்படுத்தியதாகத் தெரியவில்லை. 1953 இல் ஈரானிலும் 1954 இல் குவாட்டமாலாவிலும் மக்கள் ஆதரவு பெற்ற அரசுகள் கவிழ்க்கப்பட்டதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பதிவேட்டின் பயன்

இவ்வளவு விடயங்களை இன்று நாம் அறிவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. லோத்ரொப் எழுதிய சபைப் பதிவேடு அச்சில் வராமல் கையெழுத்தில் கிடந்தது. 1769 இல் எஸ்ரா ஸ்ரைல்ஸ் என்ற அறிஞர், பின்னாளில் யேல் கல்லூரியின் தலைவரானவர், அதனைக் கண்டு தம் கையாலேயே பிரதி செய்து வைத்தார். அந்தப் பிரதியே 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சேறியது. ஊரில் ஒன்பது வீடுகள் இருந்தன, குளிர் நாளில் மூன்று வீடுகளில் விருந்துண்டோம் என்பன போன்ற சாதாரண குறிப்புகள் அதனால்தான் இன்று எம் கைக்கு எட்டுகின்றன.

மறுபுறத்தில், இயனோவின் மக்கள் சதுப்பு நிலத்துக்குள் ஓடியபோது அவர்களுள் யார் யார் இறந்தார்கள் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது. எழுதி வைத்தவர்களின் வரலாறு விரிவாக இருக்கிறது. ஓடியவர்களின் வரலாறு, துரத்தியவர்களின் ஏடுகளில் ஓரிரு வரிகளாக இருக்கிறது.

எமது மக்கள் உலகெங்கும் சிதறி வாழத் தொடங்கிப் பல தசாப்தங்கள் கடந்துவிட்டன. எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்தச் சூழ்நிலையில் புறப்பட்டார்கள், வழியில் யாரை இழந்தார்கள், வந்த நாட்டில் முதல் வீடு எங்கே இருந்தது என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். வாசகர்கள் தமது குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு கொப்பியிலாவது ஊர், பெயர், திகதி என்று எழுதி வைக்க வேண்டும். நடை அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. லோத்ரொப்பின் பதிவேட்டிலும் அழகான வசனங்கள் இல்லை. யார், எப்போது, எங்கே என்பவை மட்டுமே இருந்தன.